இருநூற்றுப் பன்னிரண்டு இன்னும் மேலே வரவில்லை

அக்டோபர் மாதம் பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை. காலையில் மூடுபனி, பத்து மணிக்கு மேல் தெளிந்த வானம், மேற்கிலிருந்து குளிர்ந்த, ஆயினும் மிதமான காற்று, மழைக்கு அறிகுறி எதுவும் இல்லை.

இத்தகைய நாளில் அப்பள்ளத்தாக்கு மிக அழகாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. மூன்று பக்கமும் மலை, மலையின்மேல் காடு, காட்டின் நடுவே வெள்ளை நூலாக ஓர் அருவி, அதன் அடியில் பச்சை நிற ஓடை. ஓடை ஏன் பச்சையாக இருக்கிறது என்பதை மட்டும் அங்கே படம் பிடிக்க வருபவர்கள் எவரும் கேட்பதில்லை. அது செம்பின் களிம்பு. அறுபது ஆண்டுகள் மலையின் வயிற்றைத் தோண்டிச் செம்பை எடுத்துக்கொண்டு, கழிவை ஓடைக்கு விட்டுச் சென்றனர். அந்நீரில் மீன் இல்லை, தவளை இல்லை, கொசுகூட முட்டையிட யோசிக்கும்.

பேருந்தில் என் முன்னிருக்கையில் ஒரு மணப்பெண் அமர்ந்திருந்தாள். திருமணத்துக்கு முன் எடுத்துக்கொள்ளும் புகைப்படங்களுக்காக வருங்காலக் கணவனையும், ஒரு புகைப்படக்காரரையும், மூன்று பெட்டி உடைகளையும் அழைத்து வந்திருந்தாள். ஓடையைக் கண்டதும், "ஐயோ, மரகதம் மாதிரி இருக்கு!" என்று கூவினாள். நான் வண்ணப்பூச்சுக் கிடங்கு ஒன்றின் மேலாளர். நானூற்று இருபது பச்சைகளை எண் சொல்லி வேறுபடுத்தத் தெரிந்தவன். களிம்பை மரகதம் என்று விற்க எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. ஆனால் வாங்குவோர் இருக்கிறார்கள் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

நான் அழகு பார்க்க வரவில்லை. என் அக்காவை அழைத்துச் செல்ல வந்தேன். கண் அழுத்த நோயால் அவருடைய இடக்கண் முன்பே போய்விட்டது. வலக்கண்ணில் கால் பங்கு பார்வை எஞ்சியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் நகரத்து மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. அந்தத் தேதியைத் தவறவிட்டால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்தே கிடைக்கும். நரம்பு அதுவரை காத்திராது என்று மருத்துவர் ஐயத்துக்கு இடமின்றிக் கூறியிருந்தார். மேலும், அந்த ஊருக்குச் செல்லும் ஒரே பாலம் சனிக்கிழமை முதல் பழுதுபார்ப்புக்காக இரண்டு மாதம் மூடப்படவிருந்தது. ஆகவே அன்று பிற்பகல் நான்கு பதினைந்துக்குப் புறப்படும் பேருந்தே கடைசிப் பேருந்து.

இவ்வூரில் என் இருபதாம் வயதில் எட்டு மாதம் நானும் சுரங்கத் தொழிலாளியாக இருந்திருக்கிறேன். பின்னர் விட்டுச் சென்றேன். முப்பத்தோர் ஆண்டுகளில் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. இந்த ஊர் எனக்குத் தகுதியானதன்று என்று அந்த இளம் வயதிலேயே தீர்மானித்த திறத்தை என் பிள்ளைகளிடம் பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன்.

பேருந்து இரண்டு நாற்பதுக்கு நின்றது. நிறுத்தத்துச் சிமெண்டு இருக்கையில் ஒரு கிழவர், பேருந்தே தமக்காகத்தான் வந்தது போன்ற தோரணையில் அமர்ந்திருந்தார்.

"யாருப்பா நீ? நீயும் படம் புடிக்க வந்தியா?"

"இல்லீங்க. விளக்கறைக்காரர் வீட்டுக்கு. அவரோட மச்சினன்."

கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் அளந்தார். "அட, இருநூத்திப் பன்னெண்டா? நான்டா, எழுவத்தாறு. நீ செத்துட்டேன்னுல்ல நினைச்சேன்!"

"செத்திருந்தா எப்படிங்க வந்து நிப்பேன்?"

"அதானே. நல்லா ஏமாத்திட்டே போ," என்று சலித்துக்கொண்டார். நான் செத்திராதது அவருக்கு உண்மையிலேயே ஏமாற்றமாக இருந்தது.

இவ்வூரார் ஒருவரையொருவர் எண்ணால் அழைப்பர். தாய் வைத்த பெயர் வீட்டுக்கு. நிறுவனம் வைத்த எண் ஊருக்கு. சுரங்கம் மூடிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியும் இப்பழக்கத்தை அவர்கள் விடவில்லை. ஆறாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் இப்போது பதினொருவர் எஞ்சியிருந்தனர். அந்தப் பதினொருவரிலும் மேல்வரிசையார் நால்வர், கீழ்வரிசையார் எழுவர். மேல்வரிசை, ஒருகாலத்தில் மேஸ்திரிகளும் எழுத்தர்களும் குடியிருந்த தெரு. கீழ்வரிசை, மண் சுமந்தவர்களின் தெரு. கீழ்வரிசைக் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. மேல்வரிசைக் குழாயில் காற்று மட்டுமே வருகிறது. ஆயினும் மேல்வரிசையார் நால்வரும் நாள்தோறும் குடத்துடன் தங்கள் குழாயடியில் அரைமணி நேரம் நின்று காற்று வாங்கிவிட்டு, ஊர் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கீழ்க்குழாய்க்குப் போவார்களாம். பார்ப்பதற்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்க விரும்பினேன்.

நடந்தேன். திரையரங்கின் கூரை விழுந்து, நாற்காலிகளின் நடுவே மரம் வளர்ந்திருந்தது. அந்த மரத்தடியில் மணப்பெண் ஏற்கெனவே இரண்டாம் உடைக்கு மாறியிருந்தாள். மருத்துவமனை முற்றத்தில், எடை பார்க்கும் எந்திரத்தின்மேல் ஒரு பூனை உறங்கியது. முள் மூன்றரை காட்டிற்று. அஞ்சல் நிலையம் மட்டும் திறந்திருந்தது. அஞ்சல் அதிகாரி பதினொருவரில் ஒருவர். தமக்குக் கடிதம் வந்தால் உள்ளே நின்று முத்திரை குத்தி, வெளியே சுற்றி வந்து, ஜன்னல் வழியாகத் தாமே எடுத்துக்கொள்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டுச் சுவர்கள் ஒவ்வொன்றும் நான்கு, ஐந்து அடுக்குப் பூச்சைத் தோல் உரித்துக் காட்டின. அடியில் நீலம், அதன்மேல் வேறு நீலம், அதன்மேல் மற்றொரு நீலம். இத்தனை காலத்தில் இன்னொரு நிறம் இருக்கிறது என்று எவருக்கும் தோன்றவில்லை.

அக்காவின் வீடு மேல்வரிசையில் மூன்றாவது. அவர் கட்டிலின் ஓரத்தில், மடியில் துணிப்பையுடன், கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி அமர்ந்திருந்தார்.

"வந்துட்டியா? தெருவுல வர்றப்பவே தெரிஞ்சுது. முகத்தைச் சுளிச்சுக்கிட்டே நடக்கிறே."

"முகம் சுளிக்கிறது காதுல கேக்குமாக்கா?"

"உன்னுது கேக்கும்டா."

அவர் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. உடனே கிளம்பலாம் என்றேன்.

"நான் காலையிலேருந்து ரெடிதான். நீ போய் மாமாகிட்ட வில்லையை வாங்கிட்டு வா."

"எந்த வில்லை?"

"மறந்துட்டியா? பித்தளை வில்லைடா. ஊரை விட்டு யார் போனாலும் விளக்கறைல வாங்கிட்டுத்தான் போகணும். இல்லேன்னா டிரைவர் ஏத்த மாட்டான்."

வாசகர் அறியும்பொருட்டு இதனை விளக்குவது என் கடமை. சுரங்கத்தில் இறங்குபவன் ஒவ்வொருவனும் விளக்கறை ஜன்னலில் தன் விளக்கையும், தன் எண் பொறித்த வட்டமான பித்தளை வில்லையையும் வாங்கிச் செல்வான். மேலே வந்ததும் இரண்டையும் திருப்பித் தருவான். பலகையில் கொக்கி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான். வில்லை தொங்கினால் மேலே இருக்கிறான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இறங்குவதற்குச் சுரங்கமே இல்லாத ஊரில் பதினொரு பேருக்காக இதனை நடத்துவது, கடலற்ற ஊரில் கலங்கரை விளக்கம் ஏற்றுவதற்கு ஒப்பாகும். அப்படி ஏற்றுபவர் என் அக்காவின் கணவர்.

விளக்கறை, சுரங்க வாயின் அருகே, முப்பத்தாறு படிகள் ஏறியபின் இருந்தது. கம்பியிட்ட ஜன்னலுக்குப் பின்னால் மாமா உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். பின்சுவர் முழுவதும் பலகை. அதில் நானூறுக்கு மேற்பட்ட வில்லைகள், ஒவ்வொன்றும் அன்று காலைதான் துலக்கியது போல் மின்னின. நான் இங்கே இருந்தபோது இவர் இருபது பேருக்கு மேஸ்திரி. நான் சென்றபின் எக்காரணத்தாலோ விளக்குத் துடைக்கும் வேலைக்கு இறக்கப்பட்டார் என்று அறிந்திருந்தேன். காரணம் கேட்டதில்லை. திறமைக் குறைவு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"வா மாப்ள. சாப்பிட்டியா?"

"ஆச்சு மாமா. அக்காவோட வில்லையைக் குடுங்க. பஸ்ஸுக்கு நேரமாகுது."

"துணைக்கு யாரு போறா?"

"நான்தான். வேற யாரு?"

"நம்பர்?"

"விளையாடாதீங்க மாமா."

"நம்பர் சொல்லு மாப்ள."

"இருநூத்திப் பன்னெண்டு," என்றேன், நாடகத்தில் வேடம் தரித்தவன் போல.

அவர் எழுந்து, அடுக்கிலிருந்து பழைய பதிவேடு ஒன்றை எடுத்து, விரலை நனைத்துப் பக்கங்களைப் புரட்டினார். தேட வேண்டியிருக்கவில்லை; அந்தப் பக்கம் தானாகவே விரிந்தது.

"நீ இன்னும் கீழ இருக்கே."

"என்னது?"

"கீழ இருக்கே. மேல வந்ததா பதிவு இல்ல. கீழ இருக்கிற ஆளு துணையா நின்னு யாரையும் மேல கூட்டிட்டுப் போக முடியாது. சட்டம்."

"யாரு போட்ட சட்டம்? சுரங்கத்தையே மூடிட்டானுங்க!"

"சுரங்கத்தை மூடினாங்க. சட்டத்தை மூடினதா எனக்கு யாரும் சொல்லல."

பலகையைப் பார்த்தேன். ஏழு கொக்கிகள் காலியாக இருந்தன. ஆறு, மலைக்கு விறகு பொறுக்கப் போன ஆறு பேருடையவை. ஏழாவது, தனியாக, நடு வரிசையில். அதன்கீழே என் எண்.

"சரி, நீங்களே கூட்டிட்டு வாங்க. உங்க பொண்டாட்டிதானே?"

"மலையில ஆறு பேர் இருக்காங்க. அவங்க இறங்கி வில்லையை மாட்டாம நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க முடியாது. அஞ்சரை ஆகும்."

"அப்ப எழுதிக்குங்க. வந்துட்டேன். மேலதான் நிக்கிறேன். கண்ணாடியைத் துடைச்சுப் பாருங்க."

அவர் எழுதுகோலைத் திறந்தார். "எந்த வாய் வழியா வந்தே? எத்தனை மணிக்கு? உனக்குப் பின்னாடி யாரு?"

மேலே வரும் ஒவ்வொருவனிடமும் கேட்கப்படும் மூன்று கேள்விகள் இவை. முப்பத்தோர் ஆண்டுகளுக்குமுன் நாள்தோறும் கேட்டவைதான். இம்முறை அவற்றுக்கு விடை சொல்லாமல் நான் படியிறங்கினேன். பைத்தியக்காரனுடன் தர்க்கம் செய்வதினும் ஓட்டுநருடன் பேசுவது எளிது என்று கருதினேன்.

ஓட்டுநரை எல்லோரும் ஹாரன் என்று அழைத்தனர். காரணம் ஊரின் எந்த மூலையிலும் கேட்கும். முப்பது வயதிருக்கும், இவ்வூரில் பிறந்தவர். சக்கரத்தில் சாய்ந்து நின்று நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வில்லை இருக்கா சார்?"

"தம்பி, நாளைக்குக் காலையில ஆபரேஷன். ஒரு கிழவர் பித்தளையை வச்சு விளையாடுறாருன்னு..."

"வில்லை இல்லேன்னா ஏத்த மாட்டேன் சார்."

"நீங்க கவர்மெண்ட் பஸ் டிரைவரா, அவரோட வேலைக்காரரா?"

அவர் நகவெட்டியை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி போஸ்ட்மாஸ்டர் பல்லு புடுங்கிக்க ஒரு டூரிஸ்ட் கார்ல ஏறிப் போயிட்டாரு. யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் ஆள் எண்ண நம்பர் கூப்பிடறாங்க, ஆளைக் காணோம். வில்லை மட்டும் பலகையில தொங்குது. அப்படின்னா என்ன அர்த்தம்? ஊருக்குள்ளதான் எங்கயோ விழுந்து கிடக்காருன்னு அர்த்தம். இங்க புல்லுக்குள்ள எத்தனை பழைய குழி இருக்கு தெரியுமா? ஒம்பது கிழடுங்க கயிறைக் கட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா இறங்கிட்டாங்க. எங்கம்மாவும் இறங்குச்சு. கீழ காத்து கெட்ட காத்து. தூக்கிட்டு வந்தப்ப எங்கம்மாவுக்கு உதடு நீலம் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மறுநாள் அந்த மனுஷன் கன்னத்துல பஞ்சை அடைச்சுக்கிட்டு ஜம்முன்னு வந்து இறங்குறாரு. எங்கம்மா பொழைச்சுக்கிச்சு. ஆனா இனிமே வில்லை இல்லாம எவனையும் ஏத்த மாட்டேன். அது நீங்களா இருந்தாலும் சரி, உங்க கலெக்டரா இருந்தாலும் சரி."

காணாமற்போனவனைத் தேடி இந்த வயதில் குழிக்குள் இறங்கும் ஒன்பது மூடர்களைக் குறித்து நான் என்ன சொல்வது? கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பது. மீண்டும் முப்பத்தாறு படிகள் ஏறினேன்.

நான் ஏறி முடித்தபோது விளக்கறை வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. இவ்வூர்க் கணக்கில் ஆறு பேர் என்பது பெருங்கூட்டம். எழுபத்தாறு எப்படியோ எனக்குமுன் ஏறி வந்து படிக்கட்டின் தலைப்பில் உட்கார்ந்திருந்தார். மணமக்கள் மூன்றாம் உடையில் நின்றனர். புகைப்படக்காரர் பித்தளை வில்லைகளைக் கண்டு பரவசமடைந்திருந்தார். அக்கா, சுவரை ஒரு கையால் தடவியபடி, பையுடன் தாமாகவே வந்து சேர்ந்திருந்தார்.

"அவனை ஏன் நிக்க வச்சு அடிக்கிறீங்க?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

"நான் அடிக்கல. மூணு கேள்வி கேட்டேன்."

"அக்கா, நீயாவது சொல்லேன். நான் போன பிறகு உனக்குக் கார்டு போட்டேனா இல்லையா? நான் உசுரோட இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா பையைக் கீழே வைத்தார். "போட்டே. பன்னெண்டாம் நாள் வந்துச்சு. பதினோரு நாள் நான் உனக்காக அழுதேன்டா. மூணு நாள் கீழ தேடினாங்க. நாலாம் நாள் நிறுத்திட்டாங்க. பன்னெண்டாம் நாள் உன் கார்டு வருது. என்ன எழுதியிருந்தே தெரியுமா? 'இங்கே நல்ல வேலை, நல்ல வெயில்.' படிச்சுட்டு எந்திரிச்சு அடுப்பைப் பத்த வச்சேன்."

இச்செய்தி எனக்குப் புதிது. தேடியிருப்பார்கள் என்பதை நான் நினைத்ததேயில்லை. நினைக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் கல்யாணத்துக்கு வந்தப்ப சொல்லவா? அங்க வந்தவங்ககிட்ட எல்லாம் நீ இந்த ஊரைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தே. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்."

மாமா ஜன்னலின் உள்ளிருந்து, பதிவேட்டைப் பார்த்தபடியே பேசினார். "அன்னிக்கு இருபது பேரைக் கூட்டிட்டுப் போறேன்னு கையெழுத்துப் போட்டேன். தினமும் திரும்பி நின்னு எண்ணுவேன். அன்னிக்கு எண்ணல. வரிசையில கடைசி ஆளு நீ. வீட்டு ஆளு, நம்மளை விட்டு எங்க போகப் போறான்னு விட்டுட்டேன். எங்களை லிஃப்ட் கூண்டுல ஏத்திக் கீழ இறக்கின கூண்டுக்காரர், பத்தொம்பதுதான் ஏறினாங்கன்னு சத்தியம் பண்ணாரு. விளக்கு இருபது குடுத்திருக்கு. வில்லை இருபது போயிருக்கு. நானும் இருபதுன்னு அடிச்சுச் சொன்னேன். ஒரு ஆளைக் கீழ விட்டுட்டு வந்த மேஸ்திரிக்கு அப்புறம் யாரும் ஆள் குடுக்க மாட்டாங்க மாப்ள. இந்த நாற்காலியைக் குடுத்தாங்க."

"கார்டு வந்தப்புறம்தான் நான் சாகலன்னு தெரிஞ்சுபோச்சே!"

"நீ சாகலன்னு தெரிஞ்சுது. நான் கூட்டிட்டுப் போனது இருபதா, பத்தொம்பதான்னு தெரியல. எழுத வேண்டியது அதுதான். அதை வேற யாரும் எழுத முடியாது, அந்த ஆளு வந்து நின்னு சொல்லணும்." அவர் தலைநிமிர்ந்தார். "எந்த வாய் வழியா வந்தே?"

"பெரிய வாய்," என்றேன். "சாயங்காலம். ஷிப்ட் முடிஞ்சு, கூட்டத்தோட கூட்டமா."

எழுதுகோல் அசையவில்லை.

"பெரிய வாய் வழியா வந்தா இந்த ஜன்னலைத் தாண்டித்தான் போகணும். விளக்கை யார்கிட்ட குடுத்தே?"

"ஞாபகம் இல்ல."

"ஞாபகம் வரட்டும். காத்திருக்கேன்."

கீழே ஹாரன் ஒருமுறை நீளமாக ஒலித்தது. எழுபத்தாறு, "இவன் வாயிலேருந்து வர்றதுக்குள்ள பாலத்தை மூடித் திறந்துடுவாங்க," என்று மணப்பெண்ணிடம் சொன்னார். மணி நான்கு ஐந்து.

அக்கா என் சட்டையைத் தேடிப் பிடித்தார். முதலில் காற்றைப் பிடித்தார். பிறகே என் கை அகப்பட்டது. தணிந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தம்பி, எனக்கு இருக்கிறது ஒரு கண்ணு. அதுலயும் கால்வாசி. உன் மானம்தான் பெருசுன்னா வச்சுக்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நாலேகாலுக்குள்ள சொல்லிடு, நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கறேன்."

இந்த ஊரை நான் வெறுத்து விட்டுச் சென்றேன் என்பதே என் வாழ்க்கையின் முதல் வாக்கியம். அதன்மீதுதான் மற்ற எல்லா வாக்கியங்களையும் அடுக்கியிருந்தேன். மனைவிக்குச் சொன்னது அது. பிள்ளைகளுக்குச் சொன்னது அது. கிடங்கில் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு அறிவுரையாக வழங்கியதும் அதுவே. அடிச்செங்கல்லை உருவச் சொல்கிறார் ஒருவர், அதுவும் காது உடைந்த கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு.

"நான் இறங்கவே இல்ல மாமா."

மாமா எழுதுகோலின் முனையைத் தாளில் வைத்தார்.

"விளக்கை வாங்கினேன். வில்லையை வாங்கினேன். வரிசையில கடைசியா நின்னேன். கூண்டுத் தரைக்கும் மேடைக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி இருக்குமே, அது வழியா கீழ பார்த்தேன். எட்டு மாசமா தினமும் அதைப் பார்க்காமத்தான் தாண்டுவேன். அன்னிக்குப் பார்த்துட்டேன். பூட்ஸ் கயிறு அவுந்த மாதிரி குனிஞ்சேன். கதவைச் சாத்திட்டாங்க. கூண்டு இறங்கிடுச்சு. யாரும் திரும்பிப் பார்க்கல. மரக்கிடங்குக்குப் பின்னாடி போய் விளக்கைக் கட்டைக்கு அடியில சொருகிட்டு, தாது ஏத்திட்டுப் போற லாரியில ஏறிட்டேன். வில்லையை ஓடையில போட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஆறேகால். காலையில."

"பின்னாடி யாரு?"

"யாரும் இல்ல."

"காரணம்?"

நான் நான்கு பக்கமும் பார்த்தேன். "பயம்," என்றேன்.

"சார்," என்று புகைப்படக்காரர் பணிவுடன் இடைமறித்தார், "ஒரு ரெண்டடி அந்தப் பக்கம் தள்ளி நிக்கிறீங்களா? ஃபிரேம்ல வர்றீங்க."

தள்ளி நின்றேன்.

மாமா என்னை நெடுநேரம் பார்த்தார். "பயமா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அட, மாசத்துக்கு ரெண்டு பேர் இந்த ஜன்னல்ல வந்து நின்னு பயமா இருக்குன்னு சொல்லுவான் மாப்ள. வில்லையை வாங்கி மாட்டிட்டு, மரக்கிடங்குக்கோ கேன்டீனுக்கோ அனுப்பிடுவாங்க. ஒரு வரி எழுதினாப் போதும். இதோ, எழுவத்தாறு இருக்காரே, அவர் கூண்டுல ஒரே ஒரு நாள்தான் ஏறினாரு. அப்புறம் முப்பது வருஷம் கேன்டீன்ல பாத்திரம் கழுவினாரு. அவருக்கென்ன, நம்பர் இல்லையா?"

"பாதி வழியிலேயே கத்தி மேல ஏத்தச் சொல்லிட்டேன்ல," என்றார் எழுபத்தாறு, பதக்கம் பெற்றவரின் பெருமிதத்துடன்.

மாமா எழுதினார். அவருடைய கையெழுத்து சிறியது, நேரானது. 'இறங்கவில்லை. பத்தொன்பது.' எழுதியபின் மையை ஊதி உலர்த்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்: "கூண்டுக்காரர் சரியாத்தான் எண்ணியிருக்காரு. பொய் சொல்றான்னு அவரோட பத்து வருஷம் பேசாம இருந்தேன். பேசாமலே போய்ச் சேர்ந்துட்டாரு."

அதற்குமேல் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அக்காவின் வில்லையைக் கொக்கியிலிருந்து எடுத்து, கம்பியின் இடைவெளி வழியாக அவருடைய உள்ளங்கையைத் தேடி வைத்து, விரல்களை மூடினார்.

"சொட்டு மருந்து?"

"பையில இருக்கு."

"கேஸை மூடினியா?"

"மூடிட்டேன். குழம்பு மேல் தட்டுல இருக்கு. சுட வச்சுக்குங்க, அப்படியே ஊத்திக்காதீங்க."

"சரி சரி, கிளம்பு."

முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு வீட்டில் வாழ்ந்த இருவர் இரண்டு மாதம் பிரியும்போது இவ்வளவுதான் பேசிக்கொண்டனர். இதனினும் அதிகமாக மணமக்கள் கேமராவின் முன் நடித்துக்கொண்டிருந்தனர்.

"மாமா, நான் அக்காவை..." என்று தொடங்கினேன்.

"கொண்டு போய்ச் சேர்த்ததும் டிரைவர் ஃபோனுக்குச் சொல்லு. பாலத்தை மூடினாலும், அவன் அந்தப் பக்கம் நின்னு ஹாரன் அடிச்சு எனக்குச் சொல்லுவான். சேர்ந்த அன்னிக்கே சொல்லணும். பன்னெண்டாம் நாள் இல்ல."

அவர் பார்வையில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் கிடங்கில் பல ஆண்டு கிடந்த பூச்சு டப்பாவை மூடி நெம்பித் திறந்து, உள்ளே அடிவரை உலர்ந்து கட்டியாகிவிட்டது என்று கண்டதும், நான் அதைப் பார்க்கும் பார்வை அது. அந்தப் பார்வையை நான் நன்கறிவேன். எத்தனையோ டப்பாக்களை அப்படிப் பார்த்து ஒதுக்கியிருக்கிறேன். டப்பாவின் இடத்தில் இருந்து அதைப் பார்ப்பது அன்றுதான் முதல் முறை.

முப்பத்தாறு படிகளையும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எண்ணிக்கொண்டே இறங்கினார். இருபத்தொன்பதாம் படி உடைந்திருக்கிறது என்று அவர்தான் என்னை எச்சரித்தார். பார்வையுள்ள நான் அதில்தான் தடுக்கினேன். எங்களுக்குப் பின்னால் மணமக்களும், பெட்டிகளைச் சுமந்தபடி புகைப்படக்காரரும் ஓடி வந்தனர்.

ஓட்டுநர் வில்லையை வாங்கி, எண்ணைப் பார்த்து, அக்காவிடமே திருப்பித் தந்தார். "வாங்க அத்தை. பார்த்து ஏறுங்க. நாளைக்கு நல்லபடியா முடிஞ்சதும் என்னை நேராப் பார்த்து எவ்வளவு அழகா இருக்கேன்னு சொல்லணும்."

"குரலை வச்சே சொல்றேன், சுமார்தான்," என்றார் அக்கா.

ஜன்னலோர இருக்கையில் அவரை அமர்த்திப் பக்கத்தில் அமர்ந்தேன். ஏதேனும் சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று. இந்த ஊரின் மூடத்தனத்தைப் பற்றிச் செம்மையான கருத்து ஒன்று என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். அன்றும் நாவின் நுனியில் இருந்தது.

"டேய்," என்றார் அக்கா, நான் வாயைத் திறக்கும் முன்பே. "கொஞ்ச நேரம் சும்மா வாயேன்."

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து குறிப்பேட்டைத் தொடையில் விரித்தார். "லேட்டாயிடுச்சு. காரணம் எழுதணும். என்னன்னு எழுத?"

"எதிர்பாராத சில தவிர்க்க முடியாத..." என்று தொடங்கினேன்.

"நீ பேசாதே. உனக்குச் சொல்லத் தெரியாது," என்றார் அக்கா. பிறகு முன்பக்கம் பார்த்து, "ஆள் எண்ணிக்கிட்டு இருந்தோம்னு எழுதிக்கப்பா," என்றார்.

ஓட்டுநர் அப்படியே எழுதினார். பிறகு எழுந்து நின்று, முழுவதுமாகப் பின்பக்கம் திரும்பி, ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். ஐந்து பேர். என்மீது அந்த விரல் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் நின்றது. பேருந்து நகர்ந்தபோது மணி நான்கு இருபத்தேழு.